குறிக்குப் பின்னால்

துப்பாக்கி சுடுவதற்கு இடம் தேடி ஒரு பங்குத்தந்தை அலைந்தார் என்று சொன்னால் வாசகர்கள் நகைக்கக்கூடும். ஆயினும் 2020-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ ஆறு வாரங்கள் நான் அந்த வேலையைத்தான் செய்தேன்.

அப்போது என் ஆயரின் அனுமதியோடு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், சான் அந்தோனியோ நகருக்குத் தெற்கே ஒரு சிற்றூர்ப் பங்கில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். பங்கு மக்களுள் பெரும்பாலோர் மெக்சிகோ வழி வந்தவர்கள். ஏனையோர் போலந்திலிருந்தும் செருமனியிலிருந்தும் முற்காலத்தில் குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள். மாட்டுப் பண்ணை, எண்ணெய்க் கிணறு, முதியோர் இல்லம் ஆகிய மூன்றில் ஊராரின் பிழைப்பு அடங்கிவிடும். எளிய மக்கள், இறைப்பற்று மிக்கவர்கள், ஏறக்குறைய எல்லார் வீட்டிலும் துப்பாக்கி உண்டு. நம் வீடுகளில் அரிவாள்மணை இருப்பதைப் போல அங்கே அது இருந்தது. அதைக் கண்டு திகைப்பதை முதல் ஆண்டிலேயே நான் விட்டுவிட்டேன்.

சனவரி மாதப் பங்குப் பேரவைக் கூட்டம் முடியும் வேளையில் ஒருவர் எழுந்தார். ஷெரிப் அலுவலகத்தில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்றவர். ஞாயிறு திருப்பலியில் காணிக்கை எடுப்பவர். மாநில அரசின் சான்று பெற்ற கைத்துப்பாக்கிப் பயிற்றுநரும்கூட.

"ஃபாதர், நம் பங்கைச் சேர்ந்த பன்னிருவர் உரிம வகுப்பில் சேர விரும்புகிறார்கள். பாடத்தை என் வீட்டிலேயே நடத்திவிடுவேன். சுடுவதற்குத்தான் இடமில்லை. கல்லறைத் தோட்டத்துக்குப் பின்னால் ஆலயத்துக்குச் சொந்தமான பதினான்கு ஏக்கர் சும்மா கிடக்கிறதே" என்றார்.

எல்லாருடைய கண்களும் என்மீது திரும்பின. ஒரு வாரம் அவகாசம் கேட்டேன்.

அவர்கள் கேட்டதன் காரணத்தை நான் அறிவேன். மூன்று வாரங்களுக்கு முன், 2019 டிசம்பர் 29 அன்று, அதே மாநிலத்தின் ஒயிட் செட்டில்மென்ட் என்னும் ஊரில், வழிபாட்டின் நடுவே ஒருவன் எழுந்து இருவரைச் சுட்டுக் கொன்றான். ஆலயப் பாதுகாப்புக் குழுவில் இருந்த முதியவர் ஒருவர் ஒரே குண்டில் அவனை வீழ்த்தினார். எல்லாம் ஆறு நொடிகளுக்குள் முடிந்தது. அந்த முதியவர் ஒரு துப்பாக்கிப் பயிற்றுநர். அதற்கு ஈராண்டுகளுக்கு முன், 2017 நவம்பர் 5 அன்று, எங்கள் பங்கிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ள சதர்லாந்து ஸ்பிரிங்ஸ் ஊரின் பாப்டிஸ்ட் ஆலயத்தில் 26 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் ஒன்று இன்னும் பிறவாத குழந்தை. அந்த ஆண்டு முழுவதும் எங்கள் திருப்பலியில் கதவு திறக்கும் ஓசை கேட்டால் தலைகள் திரும்பியதை நான் பீடத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அச்சத்தைப் பற்றிப் போதிப்பது எளிது. அச்சத்தோடு முழந்தாளிடுவோர் முன் நின்று போதிப்பது எளிதன்று.

உரிமத்தின் வரலாறும் ஒரு துயரத்தில்தான் தொடங்குகிறது. 1991 அக்டோபர் 16 அன்று கில்லீன் நகரின் உணவகம் ஒன்றில் 23 பேர் கொல்லப்பட்டனர். அங்கே தாய் தந்தை இருவரையும் இழந்த ஒரு பெண், கைத்துப்பாக்கியை உடன் வைத்திருப்பது அன்றைய சட்டத்துக்குப் புறம்பானது என்பதால் தம்முடையதைக் காரிலேயே விட்டு வந்திருந்தார். அவரது சாட்சியம் மாநிலத்தை அசைத்தது. 1995-இல் சட்டம் இயற்றப்பட்டு, 1996 முதல் உரிமம் பெற்றோர் மறைவாகத் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்றாயிற்று. உரிமம் வேண்டுவோர் பாடம் கேட்க வேண்டும். தேர்வு எழுத வேண்டும். பயிற்றுநர் கண்முன் 50 தோட்டாக்கள் சுட்டுக் காட்ட வேண்டும். 3 கஜத் தொலைவில் 20, 7 கஜத்தில் 20, 15 கஜத்தில் 10. மொத்தம் 250 புள்ளிகள். 175 பெற்றால் தேர்ச்சி. 2017-இல் வந்த சட்டத் திருத்தம் பாடத்தை வீட்டிலிருந்தபடியே கணினி வழியாகக் கற்க இடமளித்தது. ஆனால் சுடுவதைக் கணினி வழியாகச் செய்ய இயலாதே! அதற்கு மண் வேண்டும், மேடு வேண்டும், வெளி வேண்டும். எனவேதான் இடம் தேடும் சிக்கல்.

அந்த ஒரு வாரமும் இரவுகளில் என் குருமடக் குறிப்பேடுகளைப் புரட்டினேன். மறுப்பதென்று மனத்துக்குள் முடிவு செய்திருந்தேன். அதற்கான நியாயங்களைத் திரட்ட வேண்டியதே எஞ்சியிருந்தது. 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, அஞ்சுவதற்குத் தக்க காரணம் இருந்தாலன்றிக் குருக்கள் ஆயுதம் தரிக்கலாகாது என்று சொன்னது. புனித தோமா அக்குவினார், தன்னைக் காத்துக்கொள்ளும் செயலுக்கு இரு விளைவுகள் உண்டென்பார்: ஒன்று தன் உயிர் பிழைப்பது, மற்றொன்று தாக்குபவன் மாள்வது. முன்னதை நாடியே செயல்பட்டு, தேவைக்கு மிஞ்சிய வன்முறையைத் தவிர்த்தால் அச்செயல் குற்றமாகாது. இக்காலத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் அவ்வழியே தற்காப்பை ஏற்கிறது. பிறர் உயிருக்குப் பொறுப்பானவர்க்கு அதைக் கடமை என்றே சொல்கிறது. அமெரிக்க ஆயர்களோ, துப்பாக்கிகளுக்குக் கடுமையான கட்டுப்பாடு வேண்டும் என்று தொடர்ந்து வலியுறுத்தி வருகின்றனர். கெத்சமனியில் பேதுரு வாளை உருவியதையும், ஆண்டவர் வெட்டுண்ட காதைத் தொட்டு நலமாக்கியதையும் சேர்த்துக்கொண்டேன். நான்கு பக்க மறுமொழி தயாராயிற்று. படித்துப் பார்த்தபோது எனக்கே நிறைவாக இருந்தது.

அதைப் படிக்க வாய்ப்பே வரவில்லை.

குறித்த நாளில் பயிற்றுநரும் நானும் கல்லறைத் தோட்டத்தைக் கடந்து அந்த நிலத்துக்குள் நடந்தோம். முள்மரங்களும் காய்ந்த புல்லும் நிறைந்த சமவெளி. நான் ஐந்தாண்டுகளாகச் செபமாலை சொல்லியபடி நடந்த இடம்தான். அவர் நிலத்தைக் கணக்கில் எடுத்ததாகவே தெரியவில்லை. ஒவ்வொரு திசையிலும் நின்று, கையை நீட்டி, நெடுந்தொலைவை நோக்கினார்.

"என்ன பார்க்கிறீர்கள்?" என்றேன்.

"பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கிறேன், ஃபாதர். குறி தவறினாலும் குறியைத் துளைத்தாலும் குண்டு நின்றுவிடாது. தடுப்பதற்கு ஒன்றும் இல்லையென்றால் கைத்துப்பாக்கிக் குண்டே ஒரு மைலுக்கு மேல் போகும். வடக்கே நெடுஞ்சாலை. மேற்கே அடுத்தவர் மாடுகள். தெற்கே அதோ மரங்களுக்கு அப்பால் கூரைகள் தெரிகின்றன. கிழக்கே நம் முன்னோர்." தொப்பியைக் கழற்றிக் கல்லறைகளை நோக்கித் தலை தாழ்த்தினார். "இந்த இடம் ஆகாது."

என் நான்கு பக்கங்களும் சட்டைப்பையில் இருந்தன. தோமா அக்குவினாரின் துணையின்றி இரண்டே நிமிடத்தில் அவர் மறுத்துவிட்டார்.

திரும்பும் வழியில், தம் மாணவர்களுக்கு முதலில் கற்பிக்கும் நான்கு விதிகளைச் சொன்னார். கடற்படைத் தரைப்படிப் பிரிவில் பணியாற்றிய ஜெஃப் கூப்பர் என்பவர் வகுத்தவையாம். எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிறைந்ததாகவே கருது. அழிக்க விரும்பாத எதன்மீதும் அதன் குழலைத் திருப்பாதே. கண் குறியில் நிலைக்கும் வரை விரல் விசையைத் தொடலாகாது. குறி எதுவென்றும், அதற்குப் பின்னால் எது உள்ளதென்றும் உறுதியாக அறிந்துகொள். "முதல் மூன்றையும் எல்லாரும் எளிதில் கற்றுக்கொள்வார்கள். நான்காவதுதான் கடினம். குறியைப் பார்க்கும் கண்ணுக்கு வேறெதுவும் தெரியாது" என்றார்.

பொறுப்பு நீங்கிய மகிழ்ச்சியோடு பங்கு இல்லம் திரும்பினேன். மேசைமேல் வகுப்பில் சேர விரும்புவோரின் பட்டியல் கிடந்தது. ஆறாவது பெயரைக் கண்டதும் மகிழ்ச்சி போயிற்று.

அந்தப் பெண்ணை நான் அறிவேன். முதியோர் இல்லத்தில் மாலை வேளைப் பணி செய்பவர். இரண்டு பிள்ளைகளின் தாய். அவருடைய இசைவோடு, அடையாளங்களை மாற்றியே இதை எழுதுகிறேன். அவரை அழைத்து, பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடும்படி அறிவுரை சொல்ல எண்ணினேன்.

வந்து அமர்ந்தார். நான் பேசத் தொடங்குமுன் இடக்கையை மேசைமேல் வைத்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்து கோணலாகக் கூடியிருந்தது.

"பாத்ரே, இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே நாற்காலியில் உட்கார்ந்து, கணவர் அடிக்கிறார் என்று உங்களிடம் சொன்னேன். பிள்ளைகளை எண்ணிப் பொறுத்துப் போகச் சொன்னீர்கள். திருமணம் பிரிக்க முடியாதது என்று விளக்கினீர்கள். நான் பொறுத்துப் போனேன்."

குரலில் சினம் இல்லை. ஒரு நாளின் நிகழ்ச்சிகளை ஒப்பிப்பதுபோலச் சொன்னார். மணிக்கட்டு முறிந்த பின் அவர் பிள்ளைகளோடு வெளியேறியிருக்கிறார். நீதிமன்றம் கணவரை நெருங்கக் கூடாதென்று ஆணையிட்டிருக்கிறது. ஆணை கைப்பையில் இருந்தது. ஆயினும் இரவு பதினொரு மணிக்குப் பணி முடிந்து, வீடே இல்லாத பன்னிரண்டு மைல் சாலையில் அவர் தனியே வரவேண்டும். அந்தச் சாலையில் இருமுறை கணவரின் வண்டி விளக்கணைத்து நின்றிருக்கிறது. காவலரை அழைத்தால் வந்து சேர அரை மணி நேரம் ஆகும்.

நான் என்ன சொல்வேன்? திருச்சபைச் சட்டத்தின் 1153-ஆம் எண்ணை நான் குருமடத்தில் மனப்பாடம் செய்தவன். வாழ்க்கைத் துணைவருக்கோ பிள்ளைகளுக்கோ உடலளவிலும் ஆன்ம அளவிலும் கடும் ஆபத்து விளைவிப்பவரைப் பிரிந்து வாழ அது இடமளிக்கிறது. அமெரிக்க ஆயர்கள் 1992-ஆம் ஆண்டிலேயே, வன்முறைக்கு உள்ளாகும் மனைவி அந்த வீட்டிலேயே இருந்தாக வேண்டும் என்று திருச்சபை எதிர்பார்ப்பதில்லை எனத் தெளிவாக எழுதியிருந்தனர். அது என் அலமாரியில் இருந்தது. அன்று அவரிடம் திருமணத்தின் மாண்பைப் பற்றி நான் சொன்ன எதுவும் தவறன்று. சரியானவற்றையே சொன்னேன், சரியாகக் குறிபார்த்தே சொன்னேன்.

"பெயரை எடுத்துவிடவா?" என்று அவரே கேட்டார்.

"வேண்டாம், இடம் தேடுவோம்" என்றேன்.

அன்று முதல் பயிற்றுநரோடு நானும் சுற்றினேன். எழுபது மைல் தொலைவிலிருந்த நகரத்து உள்ளரங்கச் சுடுதளம் ஒன்றை முதலில் பார்த்தோம். ஒவ்வொருவருக்கும் தனித்தனித் தடம். எதிர்ப்புறம் குண்டுகளைத் தாங்கும் எஃகுச் சரிவு. ஈயத் தூசு சுடுபவரின் மூச்சில் சேராதபடி காற்றைக் குறியின் பக்கமாகவே ஓட்டும் இயந்திரங்கள். சிறப்பான இடம். ஆனால் ஒயிட் செட்டில்மென்ட் நிகழ்ச்சிக்குப் பின் வார இறுதிகள் அனைத்தும் முன்பதிவாகிவிட்டன. மாலைப் பணி செய்யும் பெண்ணால் எழுபது மைல் போய்வரவும் இயலாது. அடுத்து ஒரு சங்கத்தின் திறந்தவெளித் தளம். மண்கரைகள் ஒழுங்காக இருந்தன. உறுப்பினர் அல்லாதார்க்குக் காப்பீடு இல்லை என்று கைவிரித்தார்கள். மூன்றாவதாக, நண்பர் ஒருவரின் கொல்லை. வைக்கோல் கட்டுகளை அடுக்கி, "இது போதாதா?" என்றார். பயிற்றுநர் கட்டுகளின் பின்னே நடந்து போனார். பிள்ளைகளின் ஊஞ்சல் ஒன்று மரத்தில் தொங்கியது. நாங்கள் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

கடைசியில் ஒரு பண்ணை முதியவர் தம் வறண்ட குளத்தைக் காட்டினார். கால்நடைகளுக்காக வெட்டிய குளத்தை அங்கே 'டேங்க்' என்பார்கள். நம் கண்மாயைப் போலவே ஆழமாகத் தோண்டிய மண்ணையே கரையாகக் கொட்டி உயர்த்தியிருந்தார்கள். குளத்தின் அடியில் நின்றால் மூன்று பக்கமும் இருமடங்கு ஆள் உயரத்துக்கு மண். பயிற்றுநர் கரைமேல் ஏறி நடந்து, கல் இருக்கிறதா என்று தடியால் குத்திப் பார்த்தார். கல்லில் பட்ட குண்டு எங்கும் தெறிக்குமாம். "இது ஆகும்" என்றார்.

முதியவர் மூன்று நிபந்தனைகள் விதித்தார். வெற்றுத் தோட்டா உறைகளை ஒன்று விடாமல் பொறுக்க வேண்டும். சுடத் தொடங்குமுன் தம் மாடுகளையும் பேரப்பிள்ளைகளையும் தாமே எண்ணி முடித்துச் சைகை காட்டுவார். அதற்குமுன் ஒரு குண்டும் வெடிக்கக் கூடாது. மூன்றாவதாக, பண்ணை வாயிலில் ஒருவர் சிவப்புக் கொடியோடு நின்று யாரும் நுழையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"சுடாதவர் ஒருவர் வேண்டுமே" என்றார் பயிற்றுநர். எல்லாரும் மீண்டும் என்னைப் பார்த்தார்கள்.

பெப்ரவரி இறுதியில் ஒரு சனிக்கிழமை. காலை எட்டு மணி முதல் பண்ணை வாயிலில் சிவப்புத் துணியோடு நின்றேன். உள்ளே முதியவர் எண்ணிக்கொண்டிருந்தார். பேரன்களுள் ஒருவனைக் காணவில்லை. இருபது நிமிடங்கள் பன்னிருவரும் காத்திருந்தார்கள். அவன் கொட்டிலில் கன்றுக்குட்டியோடு உறங்கிக்கொண்டிருந்தான். கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துச் சென்ற பின்னரே சைகை கிடைத்தது. முதல் வெடியோசை குளத்துக்குள்ளிருந்து மழுங்கலாக எழுந்தது.

ஒவ்வொருவருக்கும் ஐம்பது. எண்ணிக்கொண்டே நின்றேன். எண்ணிக்கை தவறிய ஒரு கணத்தில், விவிலிய வகுப்பில் எங்கள் பேராசிரியர் கற்பித்த பாடம் நினைவுக்கு வந்தது. பாவம் என்பதைக் குறிக்கும் 'ஹமார்தியா' என்னும் கிரேக்கச் சொல்லுக்கும், 'ஹாத்தா' என்னும் எபிரேயச் சொல்லுக்கும் குறி தவறுதல் என்பதே அடிப்படைப் பொருள். முப்பது ஆண்டுகளாக எத்தனையோ தவக்கால மறையுரைகளில் இதைச் சொல்லியிருக்கிறேன்: பாவம் என்பது குறி தவறுதல், அம்பு நேராகப் பாய்ந்தால் புண்ணியம்.

ஆனால் அந்த எபிரேயச் சொல் தன் நேர்ப்பொருளில் வரும் இடம் நீதித் தலைவர்கள் நூலின் 20-ஆம் அதிகாரம். பென்யமின் குலத்தில் இடக்கைப் பழக்கமுள்ள எழுநூறு கவண் வீரர்கள் இருந்தார்கள். மயிரிழையைக் குறிவைத்தாலும் தவறமாட்டார்கள் என்கிறது அந்த நூல். அந்தக் குறி தவறாதோர் யாருக்காகப் போரிட்டார்கள்? முந்திய அதிகாரத்தைப் படித்தோர் அறிவர். கிபயா ஊரில் ஓர் இரவு முழுவதும் ஒரு பெண்ணைச் சிதைத்து, விடியலில் வாயிற்படியில் சாகவிட்ட கயவர்களை ஒப்படைக்க மறுத்து, அவர்களைக் காக்கவே போரிட்டார்கள். விவிலியத்திலேயே மிகத் துல்லியமாகக் குறிபார்ப்போர், ஒரு பெண்ணுக்கு இழைக்கப்பட்ட கொடுமையின் பக்கம் நின்றார்கள்.

கொடியை ஊன்றியபடி அந்த வேலிக் கம்பத்தில் சாய்ந்துகொண்டேன். என் அறிவுரையும் குறி தவறவில்லை. திருமணத்தின் மாண்பு என்னும் குறியின் நடுவே அது பாய்ந்தது. பாய்ந்து அதைத் துளைத்துக்கொண்டு அப்பாலும் போயிற்று. அப்பால் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். நான் பின்னால் பார்க்கவில்லை.

அன்று மற்றவர்கள் எல்லாரும் முதல் முறையிலேயே தேர்ந்தார்கள். அவர் மட்டும் 168 புள்ளிகளோடு நின்றுவிட்டார். துப்பாக்கியின் உதைப்பைத் தாங்க இரு கைகளும் வேண்டும். இடது மணிக்கட்டு வளைய மறுத்தது. பயிற்றுநர் அவரைச் சற்று நேரம் நிழலில் அமர்த்தி, கையை வைக்கும் முறையை மாற்றிக் கற்பித்து, மறுபடி சுட வைத்தார். நான் வாயிலில் நின்று ஐம்பதையும் எண்ணினேன். 191.

மகிழ்ச்சியோடு வருவார் என்று எதிர்பார்த்தேன். தாளில் துளைகள் விழுந்த அந்த மனித உருவத்தைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தார், முகம் வெளுத்திருந்தது. "தாள் என்பது தெரிந்தும் கை நடுங்கியது, பாத்ரே. இதை எப்போதும் செய்ய நேராமல் இருக்க வேண்டிக்கொள்ளுங்கள்" என்றார்.

வேண்டிக்கொள்வதாகச் சொன்னேன். பிறகு, ஈராண்டுகளாகச் சொல்லியிருக்க வேண்டியதைச் சொன்னேன்: "அன்று நான் உங்களுக்குத் தவறு செய்துவிட்டேன். என்னை மன்னியுங்கள்."

அவர் உடனே மறுமொழி சொல்லவில்லை. தரையில் கிடந்த பித்தளை உறைகள் சிலவற்றைப் பொறுக்கி என் கையில் கொடுத்தார். முதியவரின் நிபந்தனை அது. "இன்று நாள் முழுதும் வெயிலில் நின்றீர்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தம் வண்டியை நோக்கி நடந்தார். அது மன்னிப்பா, அன்றி வேறொன்றா என்பதை இன்றளவும் நான் ஆராயவில்லை.

அதன்பின் மூன்று வாரங்களில் பெருந்தொற்று வந்து ஆலயக் கதவுகளையே மூடிவிட்டது. 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சாசில் சட்டமும் மாறியது. 21 வயது நிறைந்து, சட்டப்படி தடை எதுவும் இல்லாதோர் உரிமமின்றியே கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்றாயிற்று. உரிமம் ஒழிக்கப்படவில்லை, வேண்டுவோர் பெறலாம். ஆனால் பாடமும் ஐம்பது தோட்டாக்களும் இனிக் கட்டாயமல்ல. பயிற்றுநரின் வகுப்புக்கு வருவோர் குறைந்தார்கள். துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையை அவர் எந்நாளும் ஐயுற்றதில்லை. ஆயினும் அன்று அவர் முகம் வாடியிருந்தது. "இடம் தேட வேண்டியதில்லை என்று சட்டம் சொல்லிவிட்டது, ஃபாதர். பின்னால் ஊஞ்சல் இருக்கிறதா என்று இனி யார் நடந்து போய்ப் பார்ப்பார்கள்?" என்றார்.

அவர் கேட்டதற்கு நான்கு மாதங்களில் என் சொந்த மாவட்டத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. 2021 டிசம்பர் 30 அன்று, புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலைக்கு அருகே பசுமலைப்பட்டியில் உள்ள சுடுதளத்தில் பாதுகாப்புப் படையினர் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தனர். அங்கிருந்து தப்பிய குண்டு ஒன்று, தாத்தாவின் வீட்டில் உணவருந்திக்கொண்டிருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. 2022 சனவரி 3 அன்று அவன் இறந்தான். தனியார் துப்பாக்கிக்கு 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் கடும் வரம்பிட்டுள்ள நம் நாட்டில், முறையான தளத்தில், முறையான பயிற்சியின்போது இது நிகழ்ந்தது. கொட்டிலில் கன்றோடு உறங்கிய அந்தப் பேரன் என் கண்முன் வந்து நின்றான். இருபது நிமிடங்கள் காத்திருந்தோமே, அந்த இருபது நிமிடங்களின் விலை எனக்கு அன்றுதான் விளங்கியது.

2022-இன் இறுதியில் நான் தாயகம் திரும்பினேன். இப்போது இங்கே ஒரு பங்கில் இருக்கிறேன். துப்பாக்கியைப் பற்றி என்னிடம் யாரும் கேட்பதில்லை. ஆனால் மாலை வேளைகளில் பங்கு இல்லத்துக்கு மனைவியர் வருகிறார்கள். சில நாள்களில் தாயர் மகளை அழைத்து வருகிறார்கள். "சாமி, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்கிறார்கள். ஒரு வார்த்தைதான். அது எவ்வளவு தொலைவு போகும் என்பதை நான் இப்போது அறிவேன். எனவே உடனே சொல்வதில்லை. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், இரவில் யார் எங்கே உறங்குகிறார்கள், கையில் அந்தத் தழும்பு எப்படி வந்தது என்று கேட்கிறேன். எண்ணி முடிக்கும் வரை காத்திருக்கிறேன். சில வேளைகளில் நான் சொல்ல வேண்டிய வார்த்தை, வந்தவர் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக அமைந்துவிடுகிறது.

சென்ற கிறிஸ்து பிறப்புக்கு அந்தப் பெண்ணிடமிருந்து வாழ்த்து வந்தது. பிள்ளைகளின் படம் அனுப்பியிருந்தார். மூத்தவள் அவரைவிட உயரமாகிவிட்டாள். துப்பாக்கி பூட்டிய பெட்டியில் இருக்கிறதாம். இதுவரை வெளியே எடுக்க நேரவில்லையாம். குளிர் வந்தால் மணிக்கட்டு வலிக்கிறது என்று கடைசி வரியில் எழுதியிருந்தார்.